கார்பைடு வளையத்தைச் சோதிக்க எந்தக் கருவி வாங்கலாம்?

சென்ற ஆண்டு சிங்கப்பூர் துவாஸிலுள்ள எங்கள் பட்டறைக்கு ஒரு விற்பனைப் பிரதிநிதி துப்பாக்கி வடிவத்தில் ஒரு கருவியைக் கொண்டுவந்தார். எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையில் உலோகக் கலவையைப் படிக்கும் கைக்கருவி அது. பம்பில் கசிவைத் தடுக்கும் புதிய கார்பைடு சீல் வளையம் ஒன்றின் மேல் அதை வைத்து விசையை அழுத்தினார். சில விநாடிகளில் டங்ஸ்டன் இவ்வளவு, கோபால்ட் இவ்வளவு, குரோமியம் இவ்வளவு என்று எண்கள் திரையில் வந்து நின்றன. முதலாளிக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. எனக்கும் ஆசைதான்.

அதே மேசையின் ஓரத்தில், மூன்று மாதங்களுக்கு முன் கிரைண்டிங்கில் விளிம்பு பெயர்ந்து வீணான வளையங்கள் ஒரு டப்பாவில் கிடந்தன. அவற்றில் ஒன்றை எடுத்து நீட்டி, “இதையும் பார்த்துச் சொல்லுங்கள்” என்றேன். ஏறக்குறைய அதே எண்கள் வந்தன. நல்ல வளையத்துக்கும் நொறுங்கிய வளையத்துக்கும் அந்தக் கருவிக்கு வேறுபாடு தெரியவில்லை.

இந்த ஆண்டு ஒரு கருவிக்குத்தான் பணம் ஒதுக்க முடியும் என்று முதலாளி சொல்லியிருந்தார். எதை வாங்குவது, எதை வெளி ஆய்வுக்கூடத்துக்கு விடுவது என்று சில வாரங்கள் உட்கார்ந்து ஒப்பிட்டோம். இங்கே ஜூரோங்கிலும் காக்கி புக்கிட்டிலும் உட்லண்ட்ஸிலும் கார்பைடு டை, பஞ்ச், வளையம் என்று வேலை செய்யும் நம்மவர்கள் பலர் இதே கேள்வியில் நிற்பார்கள் என்பதால் எங்கள் கணக்கை எழுதி வைக்கிறேன்.

முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம். பட்டறையில் நாம் கார்பைடு என்று சொல்வது தனி டங்ஸ்டன் கார்பைடு அன்று. கார்பைடுத் துகள்களைக் கோபால்ட் தூளோடு கலந்து, அச்சில் அழுத்தி, சூளையில் 1,400 டிகிரி செல்சியஸ் அளவில் சுடும்போது கோபால்ட் உருகித் துகள்களுக்கு இடையே பரவி அவற்றைக் கட்டிப்போடுகிறது. செங்கல்லும் சாந்தும் போல. ஜெர்மனியில் ஓஸ்ராம் நிறுவனத்தில் கார்ல் ஷ்ரோட்டர் 1923-இல் இந்த முறைக்குக் காப்புரிமை கோரினார். பிறகு க்ருப் நிறுவனம் ‘வைரம் போல’ என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களைச் சுருக்கி ‘வைடியா’ என்ற பெயரில் இதை விற்றது. ஊரில் லேத் பட்டறையில் கை பழகிய மூத்தவர்கள் சிலர் இன்றும் வைடியா என்றே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இதில் எல்லாரும் கோபால்ட்டைக் கணக்கில் வைக்கிறார்கள், கார்பனை மறந்துவிடுகிறார்கள். தூய டங்ஸ்டன் கார்பைடில் எடைக்கு 6.13 விழுக்காடு கார்பன் இருக்க வேண்டும். 6 விழுக்காடு கோபால்ட் கலந்த சரக்கில் அது 5.76 விழுக்காடாகிறது. அதிலிருந்து பத்தில் ஒரு விழுக்காடு அளவுக்கு விலகினாலே சிக்கல் தொடங்கும். கார்பன் கூடினால் கிராஃபைட் தனியே ஒதுங்கிக் கறுப்புப் பொட்டுகளாக நிற்கும். குறைந்தால் டங்ஸ்டன், கோபால்ட், கார்பன் மூன்றும் சேர்ந்த ஈட்டா என்னும் நொறுங்கும் தன்மையுள்ள கூட்டுப்பொருள் உருவாகும். கட்டிப்போட வேண்டிய கோபால்ட்டையே அது தின்றுவிடும். எங்கள் டப்பாவில் கிடந்த வளையங்களுக்கு நேர்ந்தது இதுதான் என்று பிறகு தெரிந்தது.

அந்தத் துப்பாக்கிக் கருவியால் கார்பனைப் பார்க்க முடியாது. கார்பன் போன்ற இலேசான தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர் மிகவும் வலுவற்றது. காற்றிலும் கருவியின் சாளரத்திலுமே அது அடங்கிப்போகும். கோபால்ட் சரியான அளவில் இருக்கிறது என்று கருவி சொன்னது உண்மைதான். அந்தக் கோபால்ட் எந்த நிலையில் இருக்கிறது என்பதே எங்கள் கேள்வி. அடுப்பில் என்ன போட்டார்கள் என்பதைத் துப்பாக்கி சொல்லும். சோறு வெந்ததா, குழைந்ததா என்பதை அது சொல்லாது. இதோடு, எக்ஸ் கதிர் கருவியை இங்கே வைத்திருக்கவும் பயன்படுத்தவும் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் வேண்டும். அந்த ஏற்பாட்டுக்கான நேரத்தையும் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

விற்பவர் தரும் சான்றிதழை மட்டும் நம்பி ஓட்டுவது இன்னொரு வழி. செலவே இல்லை. பல ஆண்டுகள் நாங்களும் அப்படித்தான் ஓட்டினோம், ஒரே இடத்தில் வாங்கிய வரைக்கும் குறை வரவில்லை. இப்போது நிலைமை வேறு. உலகின் டங்ஸ்டனில் ஐந்தில் நான்கு பங்கு அளவு சீனாவில் எடுக்கப்படுகிறது. 2025 பிப்ரவரியில் சீனா சில டங்ஸ்டன் பொருள்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. விலை ஏறியது, வழக்கமாக வாங்கும் இடத்தில் சரக்கு தாமதமானது, புதிய இடங்களில் வாங்க நேர்ந்தது. பழைய கார்பைடைத் துத்தநாகத்தோடு சூடாக்கிப் பிரித்துத் தூளாக்கி மீண்டும் பயன்படுத்தும் முறையும் உண்டு. அதைக் குறையாக நான் சொல்லவில்லை. கவனமாகச் செய்தால் நல்ல சரக்கே கிடைக்கும். ஆனால் பல கிரேடுகள் கலந்த பழைய துண்டுகளிலிருந்து வந்த தூளில் டாண்டலமும் டைட்டானியமும் எஞ்சி நிற்கலாம். இப்படிப்பட்ட காலத்தில், அடர்த்தி, கடினம் என்று இரண்டே எண்கள் அச்சிட்ட காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு பெட்டி வளையத்தை இயந்திரத்தில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

அடர்த்தியை எடுத்துக்கொள்வோம். ஆர்க்கிமிடீஸ் முறை: காற்றில் ஒரு எடை, நீரில் மூழ்க வைத்து ஒரு எடை. நல்ல தராசும் ஒரு தாங்கியும் போதும். கோபால்ட் ஒரு விழுக்காடு கூடினால் அடர்த்தி கன செண்டிமீட்டருக்குச் சுமார் 0.1 கிராம் இறங்கும் என்ற கணக்கு கைக்கு அடக்கமானது: 6 விழுக்காட்டுச் சரக்கு 14.95-ஐ ஒட்டி நிற்கும், 10 விழுக்காட்டுச் சரக்கு 14.5-ஐ ஒட்டி நிற்கும். வேறு கிரேடு மாறி வந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெரிய நுண்துளைகள் இருந்தாலும் எண் இறங்கிக் காட்டிக்கொடுக்கும்.

எளிது என்றாலும் கை சுத்தம் வேண்டும். 60 கிராம் வளையம் சுமார் 4 கிராம் நீரை இடம்பெயர்க்கும். அதில் ஒரு மில்லிகிராம் பிழை ஒன்றும் செய்யாது. மூன்று கிராம் எடையுள்ள சிறு பஞ்ச் என்றால் இடம்பெயரும் நீர் 0.2 கிராம்தான். அங்கே ஒரு மில்லிகிராம் பிழையே அடர்த்தியை 0.07 அளவுக்கு நகர்த்திவிடும். சிறு துண்டுகளுக்கு நான்கு தசம இடம் காட்டும் தராசு இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. நீரின் வெப்பமும் முக்கியம். நம் ஊர்க் குழாய் நீரை அப்படியே பிடித்து வைத்தால் 29 டிகிரி அளவில் இருக்கும், குளிரூட்டிய அறையோ 23 டிகிரியில் இருக்கும். எந்த வெப்பநிலைக்கான நீரடர்த்தியைக் கணக்கில் போட்டோம் என்று கவனிக்காவிட்டால் 0.02 பிசகும். முதல் நாள் மாலையே நீரைப் பிடித்து அறையில் வைத்துவிடுகிறோம். வளையத்தில் ஒட்டும் காற்றுக் குமிழி போக ஒரு சொட்டுச் சோப்பு நீர் விட வேண்டும்.

அடர்த்தியை மட்டும் நம்பினாலும் ஆபத்து என்பதற்குத் தேக்காவுக்குப் போனால் போதும். சிராங்கூன் சாலை நகைக்கடைக்காரர்கள் டங்ஸ்டன் என்ற பெயரைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள். தங்கத்தின் அடர்த்தி 19.3, டங்ஸ்டனின் அடர்த்தி 19.25. உள்ளே டங்ஸ்டனை வைத்து மேலே தங்கம் பூசிய கட்டி, நீரில் எடை போட்டுப் பார்த்தால் அகப்படாது. உரைகல்லும் மேல்தோலைத்தான் காட்டும். எங்கள் நொறுங்கிய வளையங்களும் அப்படித்தான் தேர்ச்சி பெற்றன. கார்பன் குறைந்தால் அடர்த்தி சற்றே ஏறும். எங்களுக்கு வந்த எண் 15.01. ஒப்பந்தத்தில் இருந்த வரம்புக்குள்தான் இருந்தது. கொஞ்சம் கூடுதலாக இருந்ததைக் கண்டு, துளையில்லாத நல்ல சரக்கு என்று நானே மகிழ்ந்தேன்.

கடினமும் அப்படியே. ராக்வெல் ஏ அளவில் 60 கிலோ சுமையோடு வைரக் கூம்பை அழுத்திப் பார்ப்பது பட்டறைக்கு ஏற்ற முறை. தேய்த்துச் சமப்படுத்திய பரப்பு போதும். ஆனால் கார்பைடு கிரேடுகள் எல்லாம் 85-க்கும் 94-க்கும் இடையே நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அங்கே ஒரு புள்ளி வேறுபாடே பெரிய வேறுபாடு. வைர முனையில் சிறு சிதைவு இருந்தாலும் எண் தடுமாறும்; சான்று பெற்ற ஒப்பீட்டுக் கட்டியில் நாள்தோறும் சரிபார்த்தே தீர வேண்டும். 30 கிலோ சுமையில் செய்யும் விக்கர்ஸ் சோதனையில் இன்னொரு பயன் உண்டு. சதுரத் தடத்தின் நான்கு மூலைகளிலிருந்து கிளம்பும் விரிசல்களின் நீளத்தை அளந்து, சரக்கு எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடலாம். ஐஎஸ்ஓ 28079 என்ற பன்னாட்டுத் தரமுறை சொல்லும் பால்ம்க்விஸ்ட் முறை அதுதான். அதற்குப் பரப்பு கண்ணாடி போல மெருகேற வேண்டும். தினமும் பெட்டி இறங்கும் பட்டறையில் அதற்கு ஆள் ஏது?

காந்தத்துக்கு வருகிறேன். இந்த ஒப்பீட்டில் என் மனம் முழுவதும் சாய்ந்தது இதன் பக்கம்தான்.

டங்ஸ்டன் கார்பைடு காந்தத்துக்கு ஒட்டாது, கோபால்ட் ஒட்டும். ஆகவே வளையத்தில் காந்தம் என்று எதை அளந்தாலும் அது கோபால்ட்டைப் பற்றிய செய்தி. வளையத்தை வலுவான காந்தப் புலத்தில் வைத்து, அது இதற்கு மேல் காந்தமாகாது என்ற தெவிட்டு நிலையை அளக்கிறோம். தூய கோபால்ட் அதே அளவில் இருந்தால் எவ்வளவு வர வேண்டுமோ, அதில் எத்தனை விழுக்காடு வந்தது என்று பார்க்கிறோம். கார்பன் குறையக் குறைய டங்ஸ்டன் கோபால்ட்டுக்குள் கூடுதலாகக் கரைந்து அதன் காந்தத்தைக் குறைக்கும். ஈட்டா உருவானால் அதில் சிக்கிய கோபால்ட் காந்தக் கணக்கிலிருந்தே விழுந்துவிடும். எண் 100-ஐ நெருங்கினால் கார்பன் மிகுதி, கிராஃபைட் ஒதுங்கியிருக்கலாம். 80-க்குக் கீழே இறங்கினால் கவனிக்க வேண்டும்; 75-க்கும் கீழே போனால் ஈட்டா இருக்கும் என்று எதிர்பார்த்தே ஆக வேண்டும். துப்பாக்கிக்குப் புலப்படாத கார்பன் இங்கே தன்னைக் காட்டிக்கொள்கிறது.

அதே கருவி இன்னொரு எண்ணையும் தரும்: காந்த நீக்குத்திறன். தெவிட்டிய வளையத்தின் காந்தத்தைச் சுழியாக்க எவ்வளவு எதிர்ப்புலம் வேண்டும் என்பது. கார்பைடு மணிகள் நுண்மையாக இருந்தால் இடையிலுள்ள கோபால்ட் படலமும் மெலிந்து இந்த எண் ஏறும். மணிகள் பருத்தால் இறங்கும். அளவுக்கு மீறிச் சூடாக்கியதால் மணி பருத்துவிட்டதா என்பதை வளையத்தை அறுக்காமலே அறியலாம். நீக்குத்திறனுக்கு ஐஎஸ்ஓ 3326 என்ற தரமுறை உண்டு. சோதனை ஓரிரு நிமிடத்தில் முடிகிறது, வளையத்துக்கு ஒரு கீறலும் இல்லை, சோதித்ததையே வாடிக்கையாளருக்கு அனுப்பலாம். மெருகேற்ற வேண்டாம், அமிலம் வேண்டாம், உரிமம் வேண்டாம்.

எங்கள் நொறுங்கிய வளையங்களை, வெட்டுக்கருவி செய்யும் நண்பர் ஒருவரின் தொழிற்கூடத்துக்கு எடுத்துப்போய் இந்தக் கருவியில் வைத்தோம். 68 விழுக்காடு. பழைய நல்ல பெட்டியிலிருந்து மிஞ்சிய வளையம் 88. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது, மூன்று மாதமாகக் கிரைண்டிங் சக்கரத்தையும் அதில் நின்ற ஆளையும் குறை சொல்லிக்கொண்டிருந்தோமே என்று எனக்கு உள்ளூர வலித்தது. மறுநாள் அந்தத் தம்பியிடம் போய், தவறு அவன் கையில் இல்லை என்று சொன்னேன். “எனக்கு அப்போதே தெரியும் அண்ணா, சக்கரம் படும்போதே சத்தம் வேறாக இருந்தது” என்றான் அவன். அவன் காதை நாங்கள் அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

காந்தத்துக்கும் எல்லை உண்டு. கடல்நீரில் ஓடும் பம்பு சீல்களுக்குக் கோபால்ட் அரித்துப்போகும் என்பதால் நிக்கல் பிணைத்த கிரேடு கேட்பார்கள். கப்பல் பட்டறை வேலையில் இது அடிக்கடி வரும். டங்ஸ்டன் கரைந்த நிக்கல் பெரும்பாலும் காந்தத்தை இழந்துவிடுகிறது, ஆகவே இந்தக் கருவி அங்கே பேசாது. கோபால்ட்டா நிக்கலா என்று பிரிக்க ஒரு சாதாரணக் காந்தக் கட்டியே பெரும்பாலும் போதும். உறுதியாக அறிய துப்பாக்கிதான் சிறந்தது. பழைய கார்பைடு வாங்கி விற்பவர், பல கிரேடுகளை ஒரே கிடங்கில் கலந்து வைத்திருப்பவர், இவர்களுக்கு நான் தயங்காமல் துப்பாக்கியையே சொல்வேன். அவர்களின் கேள்வி ‘எது எது’ என்பது. எங்கள் கேள்வி ‘எப்படி வெந்தது’ என்பது. சுவாலையில் சூடாக்கித் தெளிக்கும் பூச்சுக்குத் தூள் வாங்குவோரின் நிலை இன்னும் வேறு. பூச்சின் சுவாலையில் டங்ஸ்டன் கார்பைடு கார்பனை இழந்து வேறு கார்பைடாக மாறும். அதைப் பிரித்துக் காட்ட எக்ஸ் கதிர் விளிம்பு வளைவுச் சோதனை வேண்டும். சிறு பட்டறை அதைத் தானே செய்ய நினைக்கத் தேவையில்லை.

நுண்ணோக்கிதான் கடைசித் தீர்ப்பு. அறுத்து, பிசினில் பதித்து, 6, 3, 1 மைக்ரான் வைரப் பசையில் படிப்படியாக மெருகேற்றிப் பார்த்தால் நுண்துளைகள் தெரியும். 10 மைக்ரானுக்குட்பட்டவை ஏ, 10 முதல் 25 வரை பி, கிராஃபைட் பொட்டுகள் சி என்று ஐஎஸ்ஓ 4499-4 தரம் பிரிக்கிறது. முரக்காமி கரைசலைச் சில விநாடிகள் தடவினால் ஈட்டா மட்டும் முதலில் நிறம் மாறி எழும். வெளி ஆய்வுக்கூடம் அனுப்பிய படத்தில் அது பழுப்புத் தீவுகளாகப் பரவியிருந்ததைக் கண்ட பிறகு எங்கள் முதலாளி வேறு கேள்வி கேட்கவில்லை. ஆனால் இந்த வேலைக்குப் பழகிய கை வேண்டும். சரியாக மெருகேற்றாமல் மணிகள் பெயர்ந்த குழிகளை நுண்துளை என்று எண்ணி நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. முரக்காமி கரைசலில் ஃபெர்ரிசயனைடு இருக்கிறது. அதை அமிலத்தின் பக்கத்தில் வைக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

வேதிப் பகுப்பாய்வை நான் முழுவதும் வெளியே விட்டுவிட்டேன். கார்பைடைக் கரைக்க ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் சேர வேண்டும். ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் தோலைத் தாண்டி எலும்பு வரை போகும். அதை ஒரு பட்டறைக்குள் கொண்டுவரும் எண்ணமே எனக்கு ஒவ்வாது. மொத்தக் கார்பனை ஆக்சிஜனில் எரித்து, வெளிவரும் கரியமில வாயுவை அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் கருவி நல்லதுதான். ஆண்டுக்குச் சில மாதிரிகளுக்காக அதை வாங்குவது வீண்.

வெளியே அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிங்கப்பூர் அங்கீகார மன்றத்தின் சிங்லாஸ் அங்கீகாரம் ஆய்வுக்கூடத்துக்கு மொத்தமாகத் தரப்படுவதில்லை. இன்ன பொருளுக்கு இன்ன சோதனை என்று பட்டியலிட்டுத் தரப்படுகிறது. எஃகின் கடினத்துக்கு அங்கீகாரம் பெற்ற இடத்தில் கார்பைடின் நுண்துளைச் சோதனையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டே மாதிரியை அனுப்ப வேண்டும். ‘கார்பைடா என்று பார்த்துச் சொல்லுங்கள்’ என்று அனுப்பினால் துப்பாக்கி சொன்ன அதே எண்கள் அழகான முத்திரையோடு திரும்பி வரும். கேள்வியைத் தெளிவாக எழுத வேண்டும்: ஈட்டா உண்டா, நுண்துளை எந்தத் தரம், மொத்தக் கார்பன் எவ்வளவு.

இன்னொரு சொல், ஒப்பீட்டுக்கு வெளியே. மாதிரி தயாரிக்கக் கார்பைடை உலர்வாகத் தேய்க்காதீர்கள். கோபால்ட் கலந்த கார்பைடுத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2006-இல் வெளியிட்ட தொகுதியில் இந்தக் கூட்டுத் தூசியை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்னும் 2ஏ பிரிவில் வைத்தது. நீர் ஓடவிட்டு, உறிஞ்சுக் குழாயோடு, முகக்கவசம் போட்டுத் தேய்க்க வேண்டும்.

முடிவில் காந்தக் கருவியை வாங்கினோம். நான்கு தசமத் தராசு ஏற்கெனவே இருந்தது. தாங்கி மட்டும் புதிதாகச் செய்துகொண்டோம். கடினத்துக்குப் பழைய ராக்வெல் இயந்திரத்தைச் சீர்செய்தோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், காந்த எண் பிசகும் ஒவ்வொரு முறையும் ஒரு வளையம் வெளி ஆய்வுக்கூடத்துக்குப் போகும். வாங்கும் உத்தரவிலும் புதிய வரிகள் சேர்ந்தன: காந்தத் தெவிட்டு 80 முதல் 95 விழுக்காடு, நீக்குத்திறனுக்கு மேல் கீழ் வரம்பு, நுண்துளை ஏ02 பி00 சி00 (எண் ஏறினால் குறை கூடுதல்), ஈட்டா அறவே கூடாது. விற்பவர்களில் ஒருவர் இதைக் கண்டதும் ஒதுங்கிக்கொண்டார். மற்றவர் தம்மிடமே அந்தக் கருவி இருக்கிறது, இதுவரை யாரும் கேட்கவில்லை என்று சொல்லி எண்களை அனுப்பத் தொடங்கினார்.

அவருடைய முதல் பெட்டி சென்ற வாரம் இறங்கியது. பத்து வளையங்களைக் கருவியில் வைத்தோம். ஒன்பது 86-க்கும் 90-க்கும் இடையில் நின்றன. பத்தாவது 79. அதை மீண்டும் இரண்டு முறை வைத்துப் பார்த்தோம், எண் மாறவில்லை. மற்றவற்றை இயந்திரத்தில் ஏற்றாமல் நிறுத்திவிட்டு, அந்த ஒன்றை அறுத்துப் பார்க்கச் சொல்லி நேற்று அனுப்பியிருக்கிறோம்.